வைக்கும் இடத்தை அளந்தேன், வரும் வழியை அளக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 31 ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்பவள். உங்கள் நாளிதழை அதைவிட அதிக காலமாகப் படித்து வருகிறேன் என்றாலும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தபோது மாடிப்படியில் ஒரு பையனின் கைவிரல்கள் இரண்டு நசுங்கின. அந்தப் பையனின் முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. அவன் மேல் தவறு இல்லை. கூட வந்தவர் மேலும் இல்லை. அளக்க வேண்டியதை அளக்காத என் மேலும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் பில் போட்ட கடையின் மேலும்தான் தவறு. இது இன்னொரு வீட்டில் நடக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜுக்கு 17 வயது. மகன் குடும்பத்தோடு எங்களிடமே வந்துவிட்ட பிறகு வீட்டில் ஆறு பேர். அந்தச் சின்னப் பெட்டி போதவில்லை. அதனால் இரண்டு கதவும் பக்கம் பக்கமாகத் திறக்கிற பெரிய ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

அதை வைக்கப்போகும் இடத்தை நான் நன்றாகவே அளந்தேன். அளப்பது என் தொழில். சமையலறைச் சுவரில் அகலம், உயரம், ஆழம் மூன்றையும் அங்குலத்திலும் செ.மீ.யிலும் குறித்துக்கொண்டேன். இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் சூட்டை வெளியேற்றும் குழாய்களைப் பக்கவாட்டுத் தகடுகளுக்கு உள்ளேயே பதித்துவிடுகிறார்கள், அதனால்தான் பக்கங்களைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. இரண்டு பக்கமும் பின்னாலும் காற்றுப் போக இடம் விட வேண்டும் என்று மகள் சொன்னாள். அதையும் சேர்த்தே அளந்தேன். சட்டை தைக்கும்போது உடம்பின் அளவுக்கு மேல் கொஞ்சம் தாராளம் விடுவோமே, அதே போலத்தான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் பெயர் கேட்டார்கள், முகவரி கேட்டார்கள், எந்த மாடி என்று கேட்டார்கள், எந்த நாளில் கொண்டுவரலாம் என்று கேட்டார்கள். மாடிப்படி எவ்வளவு அகலம், படி திரும்புகிற இடத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பொருள் வைக்கிற இடத்தில் அடங்கினால் போதும் என்றே இருந்துவிட்டேன்.

சொன்ன நாளில் காலையிலேயே வண்டி வந்தது. இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். மற்றவன் சின்னப் பையன், இருபதைத் தாண்டியிருப்பானோ என்னவோ. பெட்டியை இறக்கி வாசலில் நிறுத்தியபோதுதான் அது எவ்வளவு பெரியது என்று உறைத்தது. ஃபிரிட்ஜின் அளவு 91 செ.மீ. அகலம், 73 ஆழம், 178 உயரம். ஆனால் அது தெர்மாகோல், அட்டை, அடிக்கட்டை எல்லாவற்றோடும் வந்திருந்தது. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த அளவு 97, 78, 190. எடை 126 கிலோ.

பெரியவர் முதலில் தனியாக மாடி ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திருப்பத்தில் சற்று நேரம் நின்று சுவரைக் கையால் சாண் போட்டார். கீழே இறங்கி வந்து, "அம்மா, திருப்பம் கொஞ்சம் இறுக்கமா இருக்கு. பார்க்கலாம்" என்றார். அந்தப் "பார்க்கலாம்" என்ற சொல்லில் இருந்த தயக்கத்தை நான் அன்றைக்குப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். நூல் பிடிக்காத துணியைக் கையில் வாங்கும்போது நானும் அதே குரலில்தான் "பார்க்கலாம்" என்பேன். அவர் அனுபவம் அவருக்குச் சொல்லிவிட்டது. ஆனால் திருப்பி எடுத்துக்கொண்டு போனால் கடையில் என்ன சொல்வார்களோ என்ற பயமும் அவருக்கு இருந்திருக்கிறது. இது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

தள்ளுவண்டியைப் பக்கவாட்டில் கொடுத்து, பட்டையால் இறுக்கிக் கட்டினார்கள். பெரியவர் மேலே நின்று இழுக்க, பையன் கீழே நின்று தாங்க, ஒவ்வொரு படியாக ஏறினார்கள். எங்கள் படிக்கட்டில் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே 104 செ.மீ. இருக்கிறது. பெட்டியின் ஆழம் 78தான் என்பதால் நேர்ப்படியில் சிரமம் ஒன்றும் இல்லை. ஒன்பது படி ஏறி, திருப்பத்துக்கு வந்து நிமிர்த்தி நிறுத்தினார்கள். இரண்டு பேருக்கும் சட்டை நனைந்துவிட்டிருந்தது.

பெட்டியை அங்கே திருப்ப முடியவில்லை. திருப்பத்தின் ஆழம் 44 அங்குலம், அதாவது 112 செ.மீ. பெட்டியின் அகலம் 97 என்பதால் உள்ளே வந்து நின்றுவிட்டது. ஆனால் அடுத்த படிக்கட்டு எதிர்த்திசையில் போகிறது. ஏற வேண்டுமானால் பெட்டி அரைச்சுற்று சுற்ற வேண்டும். சுற்றும்போது கணக்கில் வருவது அகலமும் இல்லை, ஆழமும் இல்லை. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை உள்ள குறுக்களவு. 97க்கும் 78க்கும் குறுக்களவு 124க்கு மேல் வருகிறது. 112க்குள் 124 எப்படிச் சுற்றும்? பள்ளிக்கூடத்தில் செங்கோண முக்கோணம் என்று படித்ததுதான். படிக்கட்டில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்த எங்களில் யாருக்கும் அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. வண்டியைக் கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டலாமா என்று பெரியவர் பார்த்தார். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நுழைய இடமில்லை.

கொஞ்சம் சாய்த்துச் சுற்றிப் பார்க்கலாம் என்று முயன்றார்கள். அப்போதுதான் பெட்டி அடிக்கட்டையோடு நழுவி, பையனின் இடது கையைச் சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டது. அவன் கத்தவில்லை. "அண்ணே, கை, கை" என்று மெதுவாகத்தான் சொன்னான். பெரியவர் தோளைக் கொடுத்துப் பெட்டியைத் தள்ளிப் பிடித்தார். நானும் என் கணவரும் அவன் கையை வெளியே எடுத்தோம். நடுவிரலிலும் மோதிர விரலிலும் நகம் கறுத்து, தோல் பிய்ந்து வந்திருந்தது. எலும்பு முறியவில்லை என்று அன்று மாலை தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கையை வைத்துப் பிழைப்பவளுக்கு விரல் என்றால் என்னவென்று தெரியும். ஊசி ஒரு தடவை நகத்தில் இறங்கினால் ஒரு வாரத்துக்குக் கத்தரி பிடிக்க முடியாது.

அப்புறமும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. அந்தப் பெட்டியைக் கீழே இறக்க வேண்டும். ஏற்றுவதைவிட இறக்குவது கடினம் என்று அன்று கண்ணால் பார்த்தேன். ஏற்றும்போது ஒரு படியில் நிறுத்தி இளைப்பாறலாம். இறக்கும்போது பாரம் தானாகவே கீழே இழுக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரும் என் மகனும் கை கொடுத்ததால்தான் இறக்க முடிந்தது.

கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். வழி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது வாங்குபவரின் பொறுப்பு, பில்லின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறது என்றார்கள். எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், எழுதியிருந்தது. நூல் கோக்கும்போது போடுகிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிற அளவு எழுத்தில் எழுதியிருந்தது. கை நசுங்கிய பையனைப் பற்றி நான் சொன்னதற்கு, அவர் தங்கள் ஆள் இல்லை, லோடு ஏற்றி இறக்க வேறு ஒருவரிடம் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அந்தக் கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரு கடையோடு சண்டை போடுவது என் நோக்கம் இல்லை. விசாரித்துப் பார்த்ததில் என் உறவினர் இரண்டு பேருக்கும் இதே பதில் கிடைத்திருக்கிறது, வேறு வேறு கடைகளில்.

என் மகள் தொழிலாளர் சட்டம் படித்தவள். அன்றிரவு அவளிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை கிலோ, எத்தனை பேர்?" என்பது. 126 கிலோ, இரண்டு பேர் என்றேன். ஆளுக்கு 63 கிலோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே ஒரு பரிந்துரை கொடுத்திருக்கிறதாம். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் இருக்குமானால் அதைக் கூடிய விரைவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதோடு, படிக்கட்டில் எடை சரிபாதியாகவும் பிரிவதில்லை. சாய்ந்த பொருளில் கீழே நிற்பவருக்குத்தான் பாரம் அதிகம். ஃபிரிட்ஜில் கனமான கம்ப்ரஸரும் அடியில்தான் இருக்கிறது. ஆக, கீழே நின்ற அந்தப் பையன் 63 கிலோவுக்கும் எவ்வளவோ மேல் தாங்கியிருக்கிறான். வண்டிச் சக்கரம் படியில் உட்காரும் நேரம் பாரம் குறையும் என்பது சரிதான். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தூக்குகிற நேரத்தில் குறையாது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து போய், என் தையல்கடைக்கு வந்திருந்த ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து மேசையில் விரித்தேன். புது மாதிரி உடுப்பு தைக்கச் சொன்னால் நேராகத் துணியில் கத்தரி வைக்க மாட்டோம். முதலில் பேப்பர் கட்டிங் போடுவோம். காகிதத்தில் தவறினால் நஷ்டமில்லை, துணியில் தவறினால் போச்சு. ஃபிரிட்ஜுக்கும் அதையே செய்திருக்க வேண்டும்.

சாக்பீஸால் கோடு போட்டு மூன்று அட்டை வெட்டினேன். மேலிருந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் தரையில் எவ்வளவு இடத்தை அடைக்குமோ அந்த அளவு. ஒன்று பெட்டியோடு, 97க்கு 78. இன்னொன்று பெட்டி இல்லாமல், 91க்கு 73. மூன்றாவது, ஃபிரிட்ஜின் கதவுகளையும் கழற்றிவிட்டால் மிஞ்சும் உடல், 91க்கு 61. காலையில் கணவரும் நானும் அட்டைகளை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனோம். திருப்பத்தில் அட்டையைத் தரையில் வைத்து மெதுவாகச் சுற்றினோம். முதல் அட்டை உடனே இடித்தது. இரண்டாவதும் இடித்தது, அதன் குறுக்களவு 117. மூன்றாவது அட்டை சுவரை உரசாமல் முழுச்சுற்று சுற்றி வந்தது. குறுக்களவு ஏறக்குறைய 110, இடம் 112. மொத்தத்தில் இரண்டு செ.மீ. மிச்சம். என் கணவர் அதே இடத்தில் நின்று அட்டையை நாலு தடவை சுற்றிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு அட்டையும் அரை மணி நேரமும் போதுமாக இருந்த வேலைக்கு ஒருவனின் கை விலையாகப் போனதே என்று.

உயரத்துக்கும் இதே கணக்கு உண்டு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. எங்கள் வீட்டு நிலைவாசல் 203 செ.மீ. உயரம். பெட்டியின் உயரம் 190, தாராளமாகப் போகும் என்றுதானே தோன்றும்? ஆனால் தள்ளுவண்டியில் வைத்துச் சாய்த்ததும் பொருளின் உயரம் முதலில் கூடுகிறது. நன்றாகச் சாய்ந்த பிறகுதான் குறைகிறது. நடுவில் ஒரு நிலையில் அதன் உயரம் குறுக்களவை எட்டும். பக்கவாட்டில் வண்டி கொடுத்தால் 190க்கும் 97க்கும் குறுக்களவு 213. நிலையின் மேல்கட்டையில் இடித்துவிடும். பெட்டியைப் பிரித்து வெறும் ஃபிரிட்ஜாகக் கொண்டுவந்தால் 178க்கும் 91க்கும் 200. மூன்று செ.மீ. மிச்சத்தில் நுழையும். பரண், குறுக்குச் சட்டம், தாழ்வான விளக்கு எது இருந்தாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, கதவைக் கழற்றினால் 61 என்று எனக்கு எப்படித் தெரிந்தது? இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். கடையில் ஒட்டியிருந்த சீட்டில் அந்த அளவு இல்லை. விற்பனையாளருக்கும் தெரியவில்லை. அது பொருத்தும் முறை பற்றிய கையேட்டில் இருக்கிறது. கதவை எப்படிக் கழற்றுவது என்ற படமும் அதே கையேட்டில் இருக்கிறது. அந்தக் கையேடு எங்கே இருக்கிறது? ஃபிரிட்ஜுக்கு உள்ளே, பிளாஸ்டிக் உறையில், பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. எது வீட்டுக்குள் நுழையும் வழியைச் சொல்கிறதோ அது, பொருள் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் கைக்கு வருகிறது. மகள் நிறுவனத்தின் இணையதளத்தில் தேடி எடுத்துக் கொடுத்தாள். எல்லா வீட்டிலும் தேடிக் கொடுக்க ஆள் இருக்குமா?

கதவைக் கழற்றுவது என்பது நாலு திருகாணி கழற்றும் வேலை மட்டும் இல்லை. மேல் கீலின் மூடிக்கு அடியில் மின்கம்பி இணைப்பு இருக்கிறது. தண்ணீர் வரும் மாடலாக இருந்தால் மெல்லிய குழாய் ஒன்றும் ஓடுகிறது. பழக்கம் இல்லாதவர் இழுத்தால் அறுந்துபோகும். அதனால் லோடு தூக்குபவர்கள் கதவைத் தொடக்கூடாது, நிறுவனத்தின் மெக்கானிக்தான் கழற்ற வேண்டும் என்பது விதி. நியாயமான விதிதான். ஆனால் மெக்கானிக் வருவது எப்போது? ஃபிரிட்ஜ் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து இரண்டு நாள் கழித்து! தூக்குபவர்களையும் மெக்கானிக்கையும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள் என்று கடையைக் கேட்டு நான் ஒன்பது முறை பேசினேன். எண்ணி வைத்திருக்கிறேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது தடவை நடந்ததைப் பார்த்தபோது மனம் ஆறியது. நாலு பேர் வந்தார்கள். கூடவே மெக்கானிக். பெட்டியைக் கீழே வாசலிலேயே பிரித்தார்கள். மெக்கானிக் கதவுகளைக் கழற்றி, ஒவ்வொரு கீலின் திருகாணிகளையும் தனித்தனி உறையில் போட்டு, எது மேல், எது கீழ் என்று எழுதி அந்தந்தக் கதவிலேயே ஒட்டினார். பட்டன்களை நானும் அப்படித்தான் வைப்பேன். உள்ளே இருந்த கண்ணாடித் தட்டுகள், இழுப்பறைகள் எல்லாவற்றையும் எடுத்துத் தனியாக மேலே கொண்டுபோனோம். உடலின் பாரம் கணிசமாகக் குறைந்தது. சுவர் முனைகளில் பழைய போர்வையைக் கட்டினோம்.

அதே பெரியவர்தான் முன்னால் நின்றார். ஒருவர் குரல் மட்டும் கேட்க வேண்டும், மற்றவர்கள் பேசக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "ஏத்து", "நிறுத்து", "மூச்சு விடு". இந்த மூன்று சொல்தான். திருப்பத்தில் ஃபிரிட்ஜை நிமிர்த்தி, என் அட்டை சுற்றிய அதே கோட்டில் சுற்றினார்கள். தரையில் நான் சாக்பீஸால் அந்தக் கோட்டை வரைந்து வைத்திருந்தேன். அது எங்கும் இடிக்கவில்லை.

ஒருவர், இப்படிச் சாய்த்தும் நிமிர்த்தியும் சிரமப்படுவதற்குப் பதில் படுக்க வைத்துத் தூக்கினால் என்ன என்று கேட்டார். மெக்கானிக் கூடாது என்றார். படுக்க வைத்தால் கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். அது திரும்பி வருவதற்குள் மின்சாரம் கொடுத்தால் எண்ணெய் இல்லாமல் ஓடி கம்ப்ரஸர் கெடும். வேறு வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால் நிமிர்த்திய பிறகு ஒரு நாள் முழுக்கச் சும்மா விட வேண்டும். நின்றபடியே வந்ததற்கும் சில மணி நேரம் விடுவது நல்லது என்றார். பின்புறம் சுவரில் மோதாமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னார். இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஐசோபியூட்டேன் என்ற வாயு. அளவு கொஞ்சம்தான், ஆனால் தீப்பற்றக்கூடியது. குழாய் நசுங்கிக் கசிந்தால் ஆபத்து. முதல் நாள் சுவரோடு மல்லுக்கட்டியதை நினைத்தபோது இதைக் கேட்டு வயிறு கலங்கியது.

வீட்டுக்குள் வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சமையலறைக் கதவைத் திறந்து வைத்தால் கிடைக்கும் இடைவெளி 71 செ.மீ. ஃபிரிட்ஜ் கதவு இல்லாமல் 61 என்பதால் அப்படியே போய்விட்டது. இன்னும் இறுக்கமாக இருந்திருந்தால் அறைக்கதவைக் கீலிலிருந்து கழற்றினால் மூன்று நாலு செ.மீ. கிடைக்கும். தரையில் பலகை விரித்து உருட்டினோம். ஃபிரிட்ஜின் அடியில் இருக்கும் உருளைகள் முன்னும் பின்னும்தான் ஓடும், பக்கவாட்டில் தள்ளினால் தரையைக் கீறும். கடைசியாக முன்கால்களைத் திருகி ஒரு நூல் உயர்த்தினார் மெக்கானிக், கதவு தானாக மூடிக்கொள்ள.

வைக்கும் இடத்தை அவ்வளவு கவனமாக அளந்த நானும் ஒன்றை விட்டிருந்தேன். ஒரு பக்கம் சுவரை ஒட்டி வைத்தால் கதவு செங்குத்தாகத் திறப்பதோடு நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் இழுப்பறையை வெளியே இழுக்க அதைவிட அதிகம் திறக்க வேண்டும். நல்ல வேளை, நான்கு விரல் தள்ளி வைக்க இடம் இருந்தது.

பழைய ஃபிரிட்ஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதியது வருவதற்காக அதை நடையில் வைத்திருந்தோம். மேல்வீட்டுக் குழந்தைகள் அங்கே ஒளிந்து விளையாடுவதைப் பார்த்த என் மருமகள் உடனே அதன் கதவைக் கழற்றச் சொன்னாள். முன்காலத்து ஃபிரிட்ஜ்களில் வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே புகுந்த குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததால், அமெரிக்காவில் 1956இல், உள்ளிருந்தும் திறக்கும்படி கதவு இருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. அதன் பிறகுதான் காந்தப் பட்டை வைத்த கதவு பரவியது. காந்தம் என்றாலும் சின்னக் குழந்தைக்கு அது கனம்தான், உள்ளே காற்றும் போகாது. பழையதை வெளியே வைப்பவர்கள், ஒரு மணி நேரத்துக்கு என்றாலும், கதவைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். இவ்வளவு பெரிய பொருளை விற்கும் கடைகள், பில் போடுவதற்கு முன் வழியைக் கேட்க வேண்டும். படிக்கட்டின் அகலம், திருப்பத்தின் ஆழம், லிஃப்ட் கதவின் அகலம், நிலையின் அகலமும் உயரமும். சந்தேகம் இருந்தால் ஒருவரை அனுப்பி அளக்கச் சொல்ல வேண்டும். திரைச்சீலை தைப்பதற்கே ஜன்னலைப் பார்க்க நாங்கள் வீடு தேடிப் போகிறோம். 126 கிலோ பொருளுக்குப் போகக்கூடாதா? தயாரிப்பவர்கள், கதவு கழற்றிய அளவையும் எடையையும் குறுக்களவையும் கடையில் ஒட்டும் சீட்டிலேயே பெரிய எழுத்தில் போடட்டும். பொருத்தும் கையேட்டின் ஒரு பிரதியைப் பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஒட்டட்டும். படி ஏற வேண்டிய வீட்டுக்கு இரண்டு பேரை மட்டும் அனுப்புவதை நிறுத்துங்கள். முடியாது என்று சொல்லித் திருப்பி எடுத்துப் போகும் உரிமை தூக்குபவர்களுக்கு இருக்க வேண்டும். அதற்காக அவர்கள் கூலி குறையக்கூடாது. முதல் நாள் அந்தப் பெரியவர் கீழேயே "முடியாது அம்மா" என்று சொல்லியிருப்பார். சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்றுதான் "பார்க்கலாம்" என்றார். இதை இரண்டாவது நாள் அவரே என்னிடம் சொன்னார்.

வீடு கட்டுபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். திருப்பத்தில் இன்னும் பதினைந்து செ.மீ. விட்டிருந்தால் எங்கள் படியில் இந்தப் பாடு இல்லை. படிக்கட்டு வரையும்போது மனிதர்கள் ஏறுவதை மட்டும் நினைக்காமல், பீரோவும் கட்டிலும் ஃபிரிட்ஜும், உடம்பு முடியாதவரைப் படுக்க வைத்துத் தூக்கிவரும் கட்டிலும் அதே வழியில்தான் போக வேண்டும் என்பதை நினைத்துக் கோடு போடுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஓர் அட்டையை வெட்டுங்கள். வாசலிலிருந்து வைக்கும் இடம் வரை அதைத் தரையோடு தள்ளிக்கொண்டே போய்ப் பாருங்கள். அது எங்கே இடிக்கிறதோ அங்கேதான் ஒருவரின் கை மாட்டும்.

அன்று எல்லாம் முடிந்து கிளம்பும்போது பெரியவர் என் அட்டைகளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை நான் எடுத்துக்கிட்டுப் போகலாமா அம்மா? இதே மாடல் இந்த வாரம் இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகுது" என்றார். ஓரங்கள் மடங்காமல் இருக்க மூன்றுக்கும் சுற்றிலும் துணி நாடா வைத்துத் தைத்து, ஒவ்வொன்றிலும் அளவை மார்க்கர் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். பையனின் கட்டு இன்னும் பிரிக்கவில்லை என்றார். அடுத்த வாரம் வேலைக்கு வந்துவிடுவானாம். அந்த அட்டைகள் இப்போது அவர் வண்டியில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றைச் செய்து கொடுக்க வேண்டியது கடை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
தையல்கடை நடத்தும் ஒருவர்